சார்லஸ் கில்பின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க நாடக மேடையைப் பற்றி யாராவது பேசினால் கறுப்பின நடிகரும் பாடகருமான பால் ரோப்சன் பெயர் கட்டாயம் வரும். அவருக்கு முன்னால் அதே வேஷத்தைக் கட்டி, அதே மேடையை அதிர வைத்த சார்லஸ் கில்பின் பெயர் ஒரு வரியில் வந்து போய்விடும். அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்து எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நாடகத்தைப் படித்தபோது எனக்கே எழுந்த கேள்விகளையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

சார்லஸ் கில்பின் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓ'நீல் எழுதிய 'தி எம்பரர் ஜோன்ஸ்' நாடகத்தில் முதன்முதலாக நாயகனாக நடித்த கறுப்பின நடிகர். 1920 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில், கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் மக்டூகல் தெருவில் இருந்த ஒரு சின்ன அரங்கில் அது நடந்தது. அப்போது அவருக்கு 41 வயது. அதற்கு முன் இருபது வருடங்களுக்கு மேல் ஊர் ஊராகப் பாடியும் ஆடியும் நடித்தும், நடுநடுவே வேறு வேலைகள் பார்த்தும் பிழைத்தவர். அதற்குப் பிறகு பத்து வருடங்கள்கூட அவர் உயிரோடு இல்லை.

எங்கே பிறந்தார்?

வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில், 1878 நவம்பர் 20 அன்று. உள்நாட்டுப் போரின்போது அடிமை முறையைக் காக்கப் போராடிய தென்மாநிலக் கூட்டமைப்புக்குத் தலைநகராக இருந்த ஊர் அது. போர் முடிந்து பதின்மூன்று வருடங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா கூலித் தொழிலாளி, அம்மா செவிலியர். ஜாக்சன் வார்டு என்ற கறுப்பர் குடியிருப்பில் வளர்ந்தார். கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் படித்தார். அங்கே நடந்த நிகழ்ச்சிகளில்தான் மேடை ஆசை பிடித்தது என்பார்கள். பன்னிரண்டு வயதுவாக்கில் படிப்பை விட்டுவிட்டு 'ரிச்மண்ட் பிளானட்' பத்திரிகையின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார்.

அந்தப் பத்திரிகை எது என்பதும் முக்கியம். கறுப்பர்களைக் கும்பலாக அடித்துத் தூக்கிலிடும் கொடுமைக்கு எதிராக அஞ்சாமல் எழுதிய ஜான் மிட்செல் அதன் ஆசிரியர். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அப்படிப்பட்ட பத்திரிகையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக் கோக்கிறான் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு சொல்லின் கனம் என்ன என்று அவன் விரல்களுக்கே தெரிந்திருக்கும். முப்பது வருடம் கழித்து ஒரே ஒரு சொல்லுக்காக அவர் பெரிய சண்டை போட்டார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அச்சகம் நினைவுக்கு வரும்.

அச்சுக் கோத்தவர் மேடைக்கு எப்படி வந்தார்?

இரண்டும் சேர்ந்தே நடந்தன. 1890-களில் சுற்றும் கேளிக்கைக் குழுக்களில் சேர்ந்தார். அந்தக் குழுக்கள் பாதி வழியில் காசில்லாமல் கலைந்துவிடுவது சகஜம். கலைந்த ஊரில் கிடைத்த வேலையைப் பார்ப்பார். அச்சகம், முடிதிருத்தும் கடை, லிஃப்ட் இயக்குவது, ரயிலில் போர்ட்டர் வேலை என்று எதையும் விடவில்லை. கறுப்பர்களின் பக்திப் பாடல்களைப் பாடும், கனடாவைச் சேர்ந்த ஜூபிலி பாடகர் குழு ஒன்றில் பாடினார். அப்புறம் பெர்ட் வில்லியம்ஸ், ஜார்ஜ் வாக்கர் ஜோடியின் குழுவில் இருந்தார். அந்த நாளில் கறுப்புக் கலைஞர்களில் அவர்களைவிடப் புகழ்பெற்றவர் யாரும் இல்லை.

உண்மையான நாடகப் பயிற்சி கிடைத்தது 1907 முதல் சிகாகோவின் பெக்கின் தியேட்டரில். கறுப்பர் ஒருவரே சொந்தமாக நடத்திய அரங்கு அது. நிரந்தர நடிகர் குழு, அடிக்கடி மாறும் நாடகம் என்று ஓடிய இடம். ஒரு நாடகம் மேடையில் இருக்கும்போதே அடுத்ததற்கு ஒத்திகை நடக்கும். நடிகனுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

அந்தக் காலத்தில் கறுப்பு நடிகர்களுக்கு என்ன மாதிரி வேஷம் கிடைத்தது?

சிரிக்க வைக்கும் வேஷம், பாடி ஆடும் வேஷம், தட்டு ஏந்தும் வேலைக்காரன் வேஷம். அவ்வளவுதான். பெர்ட் வில்லியம்ஸ் மாதிரி மகா கலைஞரே முகத்தில் கரி பூசிக்கொண்டுதான் மேடையேற வேண்டியிருந்தது. கறுப்பர் ஒருவர் கதையின் நடுவில் நின்று அழ வேண்டும், யோசிக்க வேண்டும், கோபப்பட வேண்டும் என்றால் அந்த வேஷத்துக்கு வெள்ளைக்காரர் ஒருவரைப் பிடித்துக் கரி பூசுவார்கள். பார்வையாளர்களுக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை.

கில்பின்தான் முதல் ஆள் என்று சொல்லிவிடவும் கூடாது. 1917 ஏப்ரல் 5 அன்று ரிட்ஜ்லி டோரன்ஸ் எழுதிய மூன்று குறுநாடகங்கள் கறுப்பு நடிகர்களோடு நியூயார்க்கில் அரங்கேறின. விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால் மறுநாளே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. நாடகம் எடுபடாமல் போயிற்று.

கில்பின் வெள்ளைக்காரராக வேஷம் போட்டது உண்மையா?

உண்மை. எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. 1916 வாக்கில் நியூயார்க்கின் ஹார்லெமில் அனிதா புஷ் என்ற நடிகை தொடங்கிய குழு லாஃபயெட் அரங்கில் நடித்துக்கொண்டிருந்தது. அதுவே பிற்பாடு லாஃபயெட் பிளேயர்ஸ் ஆனது. நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகள் உள்ள பிராட்வேயில் ஓடிய நாடகங்களைக் கறுப்பு நடிகர்களைக் கொண்டு, கறுப்புப் பார்வையாளர்களுக்காக அரங்கேற்றினார்கள். 'தி ஆக்டரூன்' என்ற பழைய நாடகத்தில் அடிமைப் பெண்ணை ஏலத்தில் எடுக்கும் கொடியவன் மக்லாஸ்கி. வெள்ளைக்காரன். அந்தப் பாத்திரத்தைக் கில்பின் முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு நடித்தார்.

ஹார்லெம் பார்வையாளர்களில் வயதானவர்கள் பலர் அடிமைகளாகவே பிறந்தவர்களாக இருக்கக்கூடிய காலம் அது. அவர்கள் முன்னால் ஏலம் கேட்டு நின்ற கில்பின், நான்கு வருடம் கழித்து இன்னொரு நாடகத்தில் தானே ஏலமேடை மீது ஏறி நிற்கப்போகிறார்.

பிராட்வேக்கு எப்போது வந்தார்?

1919 டிசம்பரில். ஆங்கில நாடகாசிரியர் ஜான் டிரிங்க்வாட்டரின் 'ஆபிரகாம் லிங்கன்' கார்ட் தியேட்டரில் அரங்கேறியபோது வில்லியம் கஸ்டிஸ் என்ற முதிய பாதிரியாராக வந்தார். சின்ன வேஷம், ஒரே காட்சி. லிங்கனைச் சந்திக்க வரும் கறுப்பினத் தலைவர் என்பது பாத்திரம். ஃபிரெடரிக் டக்ளஸை மனத்தில் வைத்து எழுதியது என்பார்கள். டக்ளஸ் அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த பேச்சாளர்களில் ஒருவர், அவருடைய ஆங்கிலத்துக்கு நாடே காது கொடுத்தது. ஆனால் நாடகத்தில் அந்தப் பாத்திரம் பேசுவதோ கொச்சையான உடைந்த ஆங்கிலம். கில்பின் அதையும் கண்ணியம் குறையாமல் நடித்துப் பெயர் வாங்கினார்.

'எம்பரர் ஜோன்ஸ்' கதை என்ன?

புரூட்டஸ் ஜோன்ஸ் ஒரு காலத்தில் புல்மேன் ரயில் பெட்டிகளில் போர்ட்டராக இருந்தவன். புல்மேன் என்றால் படுக்கை வசதியுள்ள சொகுசுப் பெட்டி. பயணிகளுக்குப் படுக்கை விரிப்பது, இரவில் அவர்கள் ஷூவுக்குப் பாலிஷ் போடுவது எல்லாம் கறுப்பினப் போர்ட்டர்களின் வேலை. ஜோன்ஸ் சூதாட்டத் தகராறில் ஒருவனைக் கொன்று சிறைக்குப் போகிறான். அங்கே காவலாளியையும் கொன்றுவிட்டுக் கப்பலில் ஒளிந்து மேற்கிந்தியத் தீவு ஒன்றுக்குத் தப்புகிறான். இரண்டே வருடத்தில் அந்தத் தீவுக்குச் சக்கரவர்த்தி ஆகிவிடுகிறான். தன்னைச் சாதாரணத் தோட்டா எதுவும் செய்யாது, வெள்ளித் தோட்டாதான் கொல்லும் என்று ஜனங்களை நம்ப வைத்திருக்கிறான்.

நாடகம் தொடங்கும்போது ஜனங்கள் அவனைக் கைவிட்டு மலைக்குப் போய்விட்டார்கள். அவன் காட்டு வழியாகத் தப்பிக்கப் பார்க்கிறான். ஓர் இரவு, எட்டுக் காட்சிகள். துப்பாக்கியில் ஐந்து ஈயக் குண்டு, ஒரு வெள்ளிக் குண்டு. காட்டுக்குள் அவனுடைய கடந்த காலம் உருவமெடுத்து வருகிறது. முதலில் பெயரில்லாத பயங்கள், அப்புறம் அவன் கொன்ற ஜெஃப், சங்கிலியில் பிணைத்த கைதிகள். அதற்கும் பின்னால் போய் அடிமைச் சந்தை, கடல் கடத்திவந்த கப்பலின் அடித்தளம், கடைசியில் முதலைத் தெய்வமும் மந்திரவாதியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு, ஏலக் காட்சியில் மட்டும் இரண்டு. கப்பல் காட்சியில் சுடக் கையில் ஈயக் குண்டு மிச்சமில்லை. முதலைக்கு முன்னால் வெள்ளிக் குண்டும் தீர்ந்துவிடுகிறது. நீல அங்கி, பித்தளைப் பொத்தான், சிவப்புக் கால்சட்டை, பளபளக்கும் பூட்ஸ் என்று ராஜ தோரணையில் வந்தவன் ஒவ்வொன்றாகக் கிழித்தெறிந்து இடுப்புத் துணியோடு நிற்கிறான். விடிந்ததும் கலகக்காரர்கள் காசை உருக்கி வார்த்த வெள்ளிக் குண்டுகளால் அவனைச் சுட்டுவிடுகிறார்கள்.

நடுவில் உள்ள ஆறு காட்சிகளில் ஜோன்ஸைத் தவிர வாய் திறந்து பேச ஆளே கிட்டத்தட்ட இல்லை. வருகிற உருவங்கள் எல்லாம் ஊமைகள். அதாவது ஒரே நடிகர் பேசிப் பேசியே ஒரு காட்டையும் ஒரு ராத்திரியையும் உண்டாக்க வேண்டும்.

அந்த நாடகத்து முரசொலியைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, ஏன்?

முதல் காட்சியின் முடிவில் தூரத்தில் ஒரு முரசு ஒலிக்கத் தொடங்கும். நிமிடத்துக்கு 72 அடி. மனிதனின் இயல்பான நாடித் துடிப்பும் அதுதான். இதை ஓ'நீல் நாடகக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். காட்சிக்குக் காட்சி முரசு வேகம் கூடிக்கொண்டே போகும், இடைவிடாமல். அரங்கில் இருப்பவர்களின் நெஞ்சும் தங்களை அறியாமல் கூடவே ஓடும்.

வீட்டில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மேஜையில் 72 அடி தட்டிப் பாருங்கள். முதலில் ஒன்றும் தோன்றாது. அப்படியே யாரையாவது அந்த வசனங்களை உரக்கப் படிக்கச் சொல்லி, தட்டுவதை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். படிப்பவர் குரல் தானாக உயரும். நாங்கள் இரண்டு பேர் இப்படிச் செய்து பார்த்தோம். நான்காவது காட்சியில் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஒரு அரங்கமே அந்த ஒலியில் மூழ்கியிருக்க, அதற்கு மேல் தன் குரலை நிறுத்திய நடிகர் எப்படிப்பட்டவராக இருந்திருக்க வேண்டும்!

இந்த வேஷம் கில்பினுக்கு எப்படிக் கிடைத்தது?

நாடகத்தைப் போட்டது பிராவின்ஸ்டவுன் பிளேயர்ஸ் என்ற குழு. அங்கேயும் வழக்கம்போல வெள்ளைக்காரர் ஒருவருக்குக் கரி பூசிவிடலாம் என்ற யோசனை இருந்தது. குழுவிலிருந்த நடிகர் ஜாஸ்பர் டீட்டர், கறுப்பினத்தவர்தான் நடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதாகச் சொல்வார்கள். லிங்கன் நாடகத்தில் பார்த்த கில்பின் நினைவுக்கு வந்தார். டீட்டர் நாடகத்தில் வரும் வெள்ளை வியாபாரி ஸ்மிதர்ஸாக நடித்தார்.

குழுவின் தலைவர் ஜார்ஜ் கிராம் குக்கைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. இந்த நாடகத்துக்காக மேடையின் பின்புறத்தில் சாந்து பூசிய ஒரு குவிமாடத்தைக் கட்டினார். தன் கையாலேயே கட்டினார். அதில் விளக்கொளி பட்டால் முடிவில்லாத வானம் போலத் தெரியும். குழுவின் கையிருப்பெல்லாம் அதிலேயே கரைந்தது. அந்த வானத்துக்கு முன்னால்தான் கில்பின் ஓடினார்.

முதல் நாள் என்ன நடந்தது?

கைதட்டல் ஓயவில்லை. மறுநாள் டிக்கெட்டுக்கு வரிசை நின்றது. 'நியூயார்க் ட்ரிப்யூன்' விமர்சகர் ஹேவுட் ப்ரூன், அந்தப் பருவத்தில் தான் பார்த்ததிலேயே மெய்சிலிர்க்க வைத்த நடிப்பு இதுதான் என்ற பொருளில் எழுதினார். சின்ன அரங்கு தாங்காமல், டிசம்பர் கடைசியில் பிராட்வேயின் செல்வின் தியேட்டருக்கும், பிறகு பிரின்சஸ் தியேட்டருக்கும் நாடகம் இடம் மாறியது. நியூயார்க்கில் மட்டும் 204 காட்சிகள். அப்புறம் நாடு முழுக்கச் சுற்றுப்பயணம்.

முன்பு புல்மேன் போர்ட்டராக வேலை பார்த்தவர், புல்மேன் போர்ட்டராக இருந்து சக்கரவர்த்தியானவனின் வேஷத்தில் ஊர் ஊராகப் போனார்.

விருந்துக்கு அழைப்பதா வேண்டாமா என்று ஏதோ பிரச்சினை வந்ததாமே?

ஆமாம், 1921-இல். அமெரிக்க நாடகத்துக்கு அந்த வருடம் அதிகம் பங்களித்த பத்துப் பேரை நியூயார்க் டிராமா லீக் என்ற நாடக அமைப்பின் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். கில்பினும் ஒருவர். அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் கறுப்பர். பத்துப் பேருக்கும் விருந்து வைப்பது வழக்கம். ஓட்டுப் போடத் தயங்காதவர்களில் சிலர், ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடத் தயங்கினார்கள். அவரை அழைக்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது.

இங்கே ஓ'நீல் செய்ததைப் பாராட்டியே ஆக வேண்டும். அவரும் விமர்சகர் கென்னத் மெக்கோவனும் தேர்வான மற்ற கலைஞர்களிடம் பேசினார்கள். கில்பின் இல்லையென்றால் தாங்களும் வரமாட்டோம் என்று பலர் சொல்லிவிட்டார்கள். லீக் இறங்கி வந்தது. அழைப்பு போயிற்று. நீங்களாகவே மறுத்துவிட்டால் நல்லது என்ற குறிப்பும் அவர் காதுக்கு எட்டியது. அவர் மறுக்கவில்லை. போனார். அவருக்குக் கிடைத்த கைதட்டல் நீண்ட நேரம் ஓயவில்லை.

வேறு என்ன மரியாதைகள் கிடைத்தன?

அதே 1921-இல் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. வழங்கும் ஸ்பிங்கார்ன் பதக்கம். அதற்கு முந்தைய வருடம் அதைப் பெற்றவர் கறுப்பின மக்களின் பெரும் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டூ பாய்ஸ் என்றால் அதன் மதிப்பு புரியும். ஜனாதிபதி ஹார்டிங் வெள்ளை மாளிகையில் அவரை வரவேற்றார்.

அதே வருடம் ஒரு பத்திரிகைப் பேட்டியில் கில்பின் ஒரு கேள்வி கேட்டார். இப்படியொரு வெற்றி வெள்ளைக்கார நடிகனுக்குக் கிடைத்திருந்தால் பத்து வாய்ப்பு தேடி வந்திருக்கும், நான் கறுப்பன், இங்கிருந்து நான் எங்கே போவது என்பது அதன் சாரம். புகழின் உச்சியில் நிற்கும்போதே அவருக்கு இது தெரிந்திருந்தது.

ஓ'நீலோடு அவருக்கு ஏன் சண்டை வந்தது?

ஒரு சொல்லால். கறுப்பர்களை இழிவுபடுத்த வெள்ளைக்காரர்கள் பயன்படுத்திய அந்த வசைச்சொல் நாடகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. ஸ்மிதர்ஸ் மட்டுமல்ல, ஜோன்ஸே தீவு மக்களை அந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறான். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கில்பின் நூற்றுக்கணக்கான இரவுகள், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் நிறைந்த அரங்குகளில், தன் வாயால் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

காட்சிகள் போகப் போக அவர் அந்தச் சொல்லை மாற்றத் தொடங்கினார். 'நீக்ரோ' என்றோ 'கறுப்பு மனிதன்' என்றோ சொன்னார். இன்று நமக்கு 'நீக்ரோ' என்பதும் நெருடும். அன்று அது கறுப்பர்கள் தங்களைக் குறிக்க மரியாதையோடு பயன்படுத்திய சொல்.

ஓ'நீலுக்குக் கோபம் வந்தது. தன் வசனத்தில் கை வைத்தால் அடித்து நொறுக்குவேன் என்று மிரட்டியதாகச் சொல்வார்கள். கில்பினும் சளைக்கவில்லை. இந்தப் பாத்திரத்தை உருவாக்கியவன் நான், அது எனக்குச் சொந்தம், அந்த ஐரிஷ்காரர் எழுதினார், அவ்வளவுதான் என்று அவர் பேசியதாகவும் ஒரு தகவல் உண்டு.

யார் பக்கம் நியாயம்?

நாடகாசிரியரின் தரப்பை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஜோன்ஸ் வெள்ளைக்காரர்களிடம் வேலை பார்த்து, அவர்களுடைய பேராசையையும் பேச்சையும் சேர்த்தே கற்றுக்கொண்டவன். தன் இனத்தையே அந்தச் சொல்லால் ஏசுகிறான் என்பதில் அவனுடைய நோய் தெரிகிறது. சொல்லை எடுத்துவிட்டால் அந்தக் கூர்மை குறையும். எழுதியவருக்கு அது வலிக்கும்.

ஆனாலும் நான் கில்பின் பக்கம்தான். ஓ'நீல் அந்தச் சொல்லைக் காகிதத்தில் ஒரு முறை எழுதினார். கில்பின் அதை இரவுக்கு இரவு உடம்பால் சுமந்தார். திரை விழுந்ததும் ஓ'நீல் தன் பெயரோடு வீட்டுக்குப் போகலாம். கில்பினைத் தெருவில் அதே சொல்லால் கூப்பிட ஆள் இருந்தது. அந்த வித்தியாசத்தை, விருந்து விஷயத்தில் அவ்வளவு துணிவாக நின்ற மனிதர் புரிந்துகொள்ளாமல் போனதுதான் எனக்கு ஆறவே ஆறாத வருத்தம். தன் நடிகன் மேஜையில் உட்கார வேண்டும் என்பதற்காகப் போராடினார். அதே நடிகன் தன் வசனத்தில் ஒரு சொல்லை மாற்றியபோது அவரால் பொறுக்க முடியவில்லை.

குடிப்பழக்கத்தால்தான் வாய்ப்பு போயிற்று என்கிறார்களே?

கில்பின் குடித்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. நடிப்பும் அதனால் சில நாட்களில் பாதிக்கப்பட்டது. ஓ'நீல் 1923-இல் ஒரு கடிதத்தில் அவரைப் பற்றிக் கடுமையாக எழுதினார். அவர் தலைக்கனம் பிடித்து மிகையாக நடிக்கிறார், லண்டனில் இந்த நாடகத்தைப் போடும்போது வாய்ப்பு அவருக்கு இல்லை, வேறொரு இளைஞரைப் பிடித்துவிட்டேன் என்று.

ஆனால் அந்தக் காலத்து பிராட்வேயில் குடிக்காத பெரிய நடிகர்களைத்தான் தேட வேண்டும். ஜான் பாரிமோர் குடிக்காத குடியா? ஓ'நீலே பல வருடம் மோசமாகக் குடித்தவர்தான். பாரிமோருக்கு அடுத்த வேஷம் காத்திருந்தது, கில்பினுக்கு இல்லை. குடியை மட்டும் காரணமாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

பால் ரோப்சன் அவருடைய வேஷத்தைப் பறித்துக்கொண்டாரா?

பறிக்கவில்லை. கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். 1924-இல் பிராவின்ஸ்டவுன் அரங்கில் மறுபடி போட்டபோது ரோப்சன் ஜோன்ஸ் ஆனார். 1925-இல் லண்டன் அம்பாசடர்ஸ் தியேட்டரிலும் அவரே. 1933-இல் வந்த திரைப்படத்திலும் அவரே. ரோப்சன் பெரிய கலைஞர், பெரிய மனிதர். அவருக்கு அப்போது இருபதுகளின் நடுப்பகுதி, கில்பினுக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. ரோப்சனுக்கு ஒரு வழி திறந்திருந்தது என்றால் அந்தக் கதவைத் தோளால் முட்டித் திறந்தவர் கில்பின். இருவரையும் மோத விட்டு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அதற்குப் பிறகு கில்பின் என்ன செய்தார்?

1924-இல் 'ரோஸான்' என்ற நாடகத்தில் பாதிரியாராக நடித்தார். சில மாதங்களுக்கு முன் அதே நாடகத்தைக் கரி பூசிய வெள்ளைக்காரர்கள் நடித்திருந்தார்கள். ஹாலிவுட்டில் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' படத்தில் டாம் வேஷம் வந்தது. அந்தப் பணிவான டாமை நடிப்பது பற்றிய கருத்து வேற்றுமையில் படத்திலிருந்து வெளியேறினார், வேறொருவர் நடித்தார்.

1926-இல் நியூயார்க் மேஃபேர் தியேட்டரில் 'எம்பரர் ஜோன்ஸ்' மறுபடியும் வந்தது. இந்த முறை நாயகனும் இயக்குநரும் கில்பினே. ஸ்மிதர்ஸ் வேஷம் போட்ட இளைஞர் மாஸ் ஹார்ட், பின்னாளில் பிராட்வேயின் பெரிய நாடகாசிரியர். கில்பினின் நடிப்பின் மேதைமையையும் கூடவே அவருடைய குடியையும் ஹார்ட் தன் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார்.

அப்புறம் குரல் போயிற்று. முரசுக்கு மேல் நின்ற அந்தக் குரல். வேலைக்காக மறுபடியும் லிஃப்ட் இயக்கப் போனார். உடல்நிலையும் சரிந்தது. 1930 மே 6 அன்று நியூஜெர்சியில் எல்ட்ரிட்ஜ் பார்க் என்ற இடத்தில் இறந்தார். வயது 51. நியூயார்க் பிராங்ஸில் உள்ள உட்லான் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

ஓ'நீல் கடைசிவரை கோபமாகவே இருந்தாரா?

இல்லை. 1946-இல், நோபல் பரிசு பெற்றுப் பத்து வருடம் ஆன பிறகு, தன் பாத்திரத்தைப் பற்றித் தான் நினைத்ததையெல்லாம் மேடையில் முழுமையாகக் கொண்டுவந்த நடிகர் ஒருவர்தான் என்று சொன்னார். எம்பரர் ஜோன்ஸாக நடித்த சார்லஸ் கில்பின். இதைச் சொன்னபோது கில்பின் இறந்து பதினாறு வருடங்கள் ஆகியிருந்தன.

அவர் பெயரில் ஏதாவது இருக்கிறதா?

எனக்கு நிறைவு தருவது கிளீவ்லாந்து கதை. அங்கே கரமு ஹவுஸ் என்ற சமூக மையத்தில் இளைஞர்கள் ஒரு சின்ன நாடகக் குழு வைத்திருந்தார்கள். சுற்றுப்பயணத்தில் அந்த ஊருக்கு வந்த கில்பின் அவர்களைப் போய்ப் பார்த்தார். உங்கள் சொந்த வாழ்க்கையில் உள்ள நாடகத்தைப் பாருங்கள், இதை விளையாட்டாக எடுக்காதீர்கள் என்று பேசிவிட்டு, கையிலிருந்து 50 டாலர் கொடுத்தார். குழு தன் பெயரை 'கில்பின் பிளேயர்ஸ்' என்று மாற்றிக்கொண்டது. 1930-களில் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் நாடகங்கள் பல முதலில் அரங்கேறியது இவர்களிடம்தான். கரமு ஹவுஸ் இன்றும் இயங்குகிறது.

பிறந்த ரிச்மண்டில், அவர் வளர்ந்த ஜாக்சன் வார்டில், ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்புக்கு 'கில்பின் கோர்ட்' என்று பெயர் வைத்தார்கள். 1950-களில் அந்தப் பகுதியின் நடுவே பெரிய நெடுஞ்சாலையை வெட்டிக்கொண்டு போனார்கள். குடியிருப்பு ஒரு பக்கம், பழைய ஜாக்சன் வார்டு மறுபக்கம் ஆயிற்று.

அவர் நடிப்பை இன்று பார்க்க வழி உண்டா?

உண்டு. 1926-இல் ஃபிலடெல்ஃபியாவின் கலர்டு பிளேயர்ஸ் நிறுவனம் எடுத்த 'டென் நைட்ஸ் இன் எ பார்ரூம்' தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆரம்பகாலக் கறுப்பினத் திரைப்படங்களின் தொகுப்பில் கிடைக்கிறது. கில்பின் ஜோ மார்கன் என்ற குடிகாரராக வருகிறார். வீட்டுக்கு வா அப்பா என்று கூப்பிடச் சாராயக் கடைக்கு வரும் சின்னஞ்சிறு மகள் மீது, சண்டையில் எறிந்த பொருள் பட்டுவிடுகிறது. கதை பழையது, பாதை தெரிந்ததே. ஆனாலும் அந்தத் தகப்பனின் முகம் என்னை விடவில்லை.

பார்க்கிறவர்கள் ஒன்றை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். அது மௌனப் படம். ஜோ மார்கன் பேசும்போது கில்பினின் உதடு அசைவது தெரியும், உடனே திரையில் எழுத்து வந்துவிடும்.